காத்தோங்கில் ஒரு காரைக்கால் மாளிகை

இங்கிலாந்தின் கிராமங்களில் 'பப்' என்று ஒரு கடை உண்டு. வேலை முடிந்த மாலை நேரத்தில் உழவரும் கொல்லரும் வண்டிக்காரரும் கூடுகிற மதுக்கடை. குடிக்க மட்டும் அல்ல, ஊர்க்கதை பேசவும் அங்கேதான் போவார்கள். நம் தோட்டங்களில் கள்ளுக்கடை இருந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அதுதான் இது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அவர்களுடைய கடைகளுக்கு நூறு ஆண்டுக்கு முந்திய படங்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. நம் தோட்டத்துக் கள்ளுக்கடைக்கு ஒரு படத்தையாவது நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா?

அவர்களுக்கு அந்தப் படங்கள் தாமாகக் கிடைத்துவிடவில்லை. பிரான்சிஸ் பிரித் என்ற புகைப்படக்காரர் 1860-இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். பிரிட்டனில் உள்ள ஒவ்வொரு ஊரையும், ஒவ்வொரு கிராமத்தையும் படம் பிடித்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகளும் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். மாதா கோயில், பாலம், சந்தைத் திடல், மதுக்கடை எல்லாம் அஞ்சலட்டைகளாக அச்சாகி விற்பனைக்கு வந்தன. இன்று ஒரு கடை இடிந்து போயிருந்தாலும், அந்த ஊர்ப் பேரன் தன் பாட்டன் உட்கார்ந்த திண்ணையைப் படத்தில் பார்த்துக்கொள்கிறான்.

நம் பக்கத்திலும் புகைப்படக்காரர்கள் இருந்தார்கள். சிங்கப்பூரில் ஜி. ஆர். லாம்பர்ட் என்ற ஜெர்மானியர் 1867-இல் ஸ்டூடியோ வைத்தார். துறைமுகம், கவர்னர் மாளிகை, செல்வர்களின் பங்களாக்கள் என்று அவருடைய நிறுவனம் எடுத்த படங்கள் இன்றும் பெயர் பெற்றவை. ஆனால் லயத்து வீட்டையும் குழாயடியையும் ஒவ்வொரு தோட்டமாகச் சென்று எடுக்கவேண்டும் என்று கிளம்பிய ஒரு பிரித் நமக்கு வாய்க்கவில்லை.

இதனால் நாம் இழந்தது என்ன, இனி செய்யக்கூடியது என்ன என்பதை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள ஓர் இடம் இருக்கிறது. அது சிங்கப்பூரின் கிழக்குக் கரையில் உள்ள காத்தோங்.

கடல் இருந்த ஊர்

சிங்கப்பூருக்குப் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் தேக்கா வரைதான் போவார்கள். வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு, வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு, முஸ்தபாவில் பை நிறைய வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். காத்தோங்குக்குப் போவது முன்பு சற்றுச் சுற்று வழி. இப்போது அப்படியில்லை. 2024 ஜூன் 23 முதல் அந்த வட்டாரத்துக்கு எம்.ஆர்.டி. ரயில் ஓடுகிறது. ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து உட்லண்ட்ஸில் ஏறினால், இடையில் மாறாமல் மரின் பரேட் நிலையத்தில் இறங்கலாம்.

காத்தோங் என்பது ஒருவகைக் கடலாமையின் பெயர் என்பார்கள். கடற்கரையில் தெரியும் கானலசைவைக் குறிக்கும் சொல் என்றும் சொல்வார்கள். தஞ்சோங் காத்தோங்கைப் பாடும் மலாய்ப் பாட்டு ஒன்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆக, பெயரிலும் கடல், பாட்டிலும் கடல். ஆனால் இன்று காத்தோங்கில் நின்று பார்த்தால் கடல் தெரியாது!

கடல் எங்கே போயிற்று? 1966-இல் அரசாங்கம் கிழக்குக் கரையில் கடலைத் தூர்க்கத் தொடங்கியது. பெடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணைக் கரைக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். பல கட்டங்களாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்த இந்த வேலையில் கிடைத்த புது நிலம் சுமார் 1,500 ஹெக்டேர். நம் கணக்கில் சொன்னால் 3,700 ஏக்கர். ஒரு பெரிய ரப்பர்த் தோட்டத்தின் பரப்பு. அந்தப் புது நிலத்தின் மேல்தான் இன்றைய மரின் பரேட் அடுக்குமாடி வீடுகளும் விரைவுச் சாலையும் கடற்கரைப் பூங்காவும் இருக்கின்றன. பழைய கரையோர வீடுகள் கடலை விட்டு உள்ளே தள்ளி நிற்கின்றன. வீடுகள் நகரவில்லை, கடல்தான் நகர்ந்துவிட்டது.

இன்னொரு செய்தி உங்களுக்குப் பிடிக்கும். காத்தோங்கும் ஒரு காலத்தில் தோட்டம்தான். 19-ஆம் நூற்றாண்டில் இது தென்னந்தோட்டப் பூமி. சிங்கப்பூரின் முதல் போலீஸ் கமிஷனராக இருந்த தாமஸ் டன்மனுக்கு இங்கே 'குரோவ் எஸ்டேட்' என்ற தென்னந்தோட்டம் இருந்தது. தென்னை போய் வீடு வந்தது. ஜூ சியாட் சாலைக்குப் பெயர் கொடுத்த சியூ ஜூ சியாட் என்ற சீனச் செல்வர் இங்கே பெருநிலம் வாங்கியவர். சாலை போடத் தம் நிலத்தை விட்டுக்கொடுத்ததால் 1917-இல் அவர் பெயரே சாலைக்கு வந்தது. நிலம் தந்தவர் பெயர் பலகையில் நிற்கிறது. தேங்காய் பறித்தவர், உரித்தவர் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

படத்தில் மட்டும் நிற்கும் வீடுகள்

இந்தக் கரையில் 'சீ வியூ ஓட்டல்' என்று ஒன்று இருந்தது. வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு, அவர்கள் ஊர் 'பப்' இல்லாத குறையைத் தீர்த்துவைத்த இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் அங்கே கூடிக் குடித்து, வாத்தியக் குழு வாசிக்க, இங்கிலாந்து என்றும் இருக்கும் என்ற பொருளில் ஒரு பாட்டைச் சேர்ந்து பாடுவார்களாம். 1942 தொடக்கத்தில் ஜப்பானியப் படை மலாயாவில் கீழ்நோக்கி வந்துகொண்டிருந்த வாரங்களிலும் அந்தப் பாட்டு நிற்கவில்லை என்று அக்கால வரலாறு எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. போர் முடிந்த பிறகும் ஓட்டல் நடந்தது, 1964-இல் மூடப்பட்டது.

ஆம்பர் சாலையில் 'மண்டலே வில்லா' என்ற மாளிகை 1902-இல் எழுந்தது. லீ சூன் குவான் என்ற பெரும் வணிகரின் கடலோர வீடு. அவருடைய மனைவி 1918-இல் பிரிட்டிஷ் அரசரின் எம்.பி.இ. விருதைப் பெற்றவர், இந்த வட்டாரத்தில் அதைப் பெற்ற முதல் சீனப் பெண்மணி. அவர்கள் கொடுத்த விருந்துகளுக்குப் போவதே ஒரு பெருமை. அந்த மாளிகை 1983-இல் இடிக்கப்பட்டது.

இந்த இரண்டையும் இன்று நேரில் பார்க்க முடியாது. ஆனால் படங்கள் இருக்கின்றன. தூண்களை எண்ணலாம், வண்டிகளைப் பார்க்கலாம். இப்படிப்பட்ட பழைய படங்களைப் பார்க்கும்போது நான் என் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். நடுவில் நிற்பவரைப் பார்த்தது போதும், ஓரத்தைப் பாருங்கள். தட்டு ஏந்தியவர், குதிரையைப் பிடித்தவர், தோட்டம் கூட்டுகிறவர் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். படத்தின் கீழே நடுவில் நிற்பவர் பெயர் அச்சாகியிருக்கும். ஓரத்தில் நிற்பவருக்கு முகம் மட்டும்தான்.

காதர் சுல்தான் கட்டிய வீடு

ஆனால் காத்தோங்கில் நடுவில் நின்ற தமிழர் ஒருவரும் உண்டு. அவர் மூனா காதர் சுல்தான். 'மூனா' என்பதைப் பெயர் என்று எண்ணிவிடாதீர்கள். முதலெழுத்தைச் சூனா, பானா, மூனா என்று சொல்லுகிற நம் பழைய வழக்கம்தான் அது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த காரைக்காலிலிருந்து இளம் வயதிலேயே சிங்கப்பூர் வந்தவர். ஆடு மாடுகளைக் கப்பலில் இறக்குமதி செய்யும் வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்தார். மாட்டு வியாபார மன்னர் என்றே ஊர் அவரை அழைத்தது. பிரெஞ்சு அரசாங்கமும் தன் உயரிய 'லெஜியன் ஆப் ஆனர்' விருதை அவருக்கு அளித்துச் சிறப்பித்தது.

அவர் 1917-இல் தொடங்கி 1920-க்குள் காத்தோங் கடற்கரையில் ஒரு மாளிகை எழுப்பினார். இத்தாலியப் பாணியில் தூண்களும் வளைவுகளும் வைத்து, தம் மனைவியர் தங்குவதற்காகக் கட்டியது. அதற்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'காரைக்கால் மஹால்'. சுற்றிலும் இருந்தவை 'வியூ', 'வில்லா', 'குரோவ்' என்ற பெயர்கள். அவற்றுக்கு நடுவே ஒருவர் தாம் பிறந்த ஊரின் பெயரைக் கல்லில் ஏற்றினார். பிழைக்க வந்த ஊரில் சொந்த ஊரை நினைக்காதவர் யார்? நாமும் தோட்டத்து மாரியம்மனுக்கு ஊர்த் திருவிழாவை அப்படியே எடுக்கவில்லையா? அவரிடம் பணம் இருந்தது, மாளிகை கட்டினார். அவ்வளவுதான் வேறுபாடு.

காதர் சுல்தான் 1937-இல் காலமானார். போருக்குப் பின் 1947-இல் மாளிகை கைமாறியது. வாங்கியது யார் என்று கேட்டால் வியப்படைவீர்கள். லீ கோங் சியானின் லீ ரப்பர் கம்பெனி! மாடு விற்ற பணத்தில் எழுந்த வீட்டை, ரப்பர் விற்ற பணம் வாங்கியது. அந்த ரப்பர்ப் பணத்தின் அடியில் விடியற்காலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போனவர்களின் உழைப்பு இருக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்படிப் பார்த்தால் அந்த மாளிகையோடு நமக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு.

பிறகு அது 'கிராண்ட் ஓட்டல்' என்ற பெயரில் விடுதியாயிற்று. 2000-ஆம் ஆண்டு வரையில் ஓட்டலாகவே இருந்தது. அதற்கிடையில் 1970-களில் ஸ்டில் ரோட்டைக் கடற்கரைப் பக்கம் நீட்டினார்கள். சாலை மாளிகையின் வளாகத்துக்கு நடுவிலேயே போயிற்று. ஒரே வளாகத்துக் கட்டடங்கள் சாலையின் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகப் பிரிந்து நின்றன. சாலையின் பெயர்க்கு உரியவர் ஏ. டபிள்யூ. ஸ்டில், ஆங்கில நாளேடு ஒன்றின் ஆசிரியராக 1908 முதல் 1926 வரை இருந்தவர். காரைக்கால்காரர் வீட்டைப் பிளந்துகொண்டு ஒரு பத்திரிகை ஆசிரியரின் பெயர் போகிறது!

இத்தனைக்குப் பிறகும் மாளிகை இடிபடவில்லை. 2009-இல் அரசாங்கம் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது. பின்னர் செப்பனிடப்பட்டு, 2016 முதல் பாலர் பள்ளி அங்கே நடக்கத் தொடங்கியது. மாட்டு வியாபாரியின் மாளிகையில் பிள்ளைகள் பாட்டுப் பாடுவது எனக்கு, ஓர் ஆசிரியன் என்ற முறையில், மிகவும் பிடித்த முடிவு. ஈஸ்ட் கோஸ்ட் சாலையிலிருந்து ஸ்டில் ரோடு சவுத்தில் திரும்பினால் வெளியிலிருந்தே பார்க்கலாம். வெள்ளைத் தூண்களுக்கு எதிரே நின்று, உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு காலத்தில் அலை வந்து மோதியது என்று எண்ணிப் பாருங்கள்.

கோயிலும் ரொட்டிக்கடையும்

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் சிலோன் சாலையில் ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயம் இருக்கிறது. 1850-களில் ஒரு குளத்தோரத்தில் விநாயகர் சிலை கிடைத்தது, அதைச் செண்பக மரத்தடியில் வைத்து வழிபடத் தொடங்கினார்கள் என்பது கோயில் வரலாறு. எதிர்நாயகம் பிள்ளை என்ற யாழ்ப்பாணத் தமிழர் முதற்கோயிலை அமைத்தார். பின்னர் சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கம் நிர்வாகத்தை ஏற்றது. 1942-இல் குண்டு வீச்சில் கோயில் சேதமடைந்தது. மீண்டும் கட்டினார்கள், மீண்டும் விரிவாக்கினார்கள். இன்றைய இராஜகோபுரத்தோடு 2003 பிப்ரவரியில் குடமுழுக்கு நடந்தது. மரத்தடிப் பிள்ளையார் கோபுரப் பிள்ளையாரான கதை நம் தோட்டத்துக் கோயில்களுக்கும் உண்டு. ஆனால் இந்தக் கோயிலுக்கு அதன் கதை ஆண்டு வாரியாக எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஏடுதான் பெரிய செல்வம்.

ஈஸ்ட் கோஸ்ட் சாலையிலேயே 'சிவப்பு வீடு' என்று எல்லாரும் சொல்லும் ரொட்டிக்கடை உண்டு. 1925-இல் ஒரு யூதர் தொடங்கினார். பிறகு ஹைனான் சீனர்கள் நடத்தினார்கள். கட்டடமோ அல்சகோப் என்ற அராபியக் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் விட்டுச்சென்ற வக்ஃப் சொத்து. கறிபாப்பும் காப்பியும் வாங்க எல்லா இனத்தாரும் வந்தார்கள். காத்தோங்குக்கு 'பப்' எது என்று என்னைக் கேட்டால், மதுவே இல்லாத இந்தக் கடையைத்தான் சொல்வேன். கட்டடம் பழுதடைந்து ஆபத்தாகிவிட்டதால் கடை 2003-இல் மூடப்பட்டது. அப்போது பழைய வாடிக்கையாளர்கள் கண் கலங்கினார்கள். சும்மா விட்டிருந்தால் இடிந்து போயிருக்கும். முகப்பைக் காப்பாற்றி, பின்னால் புதிய வீடுகளைக் கட்டி, 2016-இல் மறுபடியும் அங்கே ரொட்டிக்கடை திறந்தார்கள்.

இடிப்பதற்கு முன்னால் வந்தவர்

ஜூ சியாட், காத்தோங் வட்டாரத்தில் 1993-இல் நூற்றுக்கணக்கான கடைவீடுகள் பாதுகாப்புக்குள் வந்தன. கூன் செங் சாலையில் பச்சையும் இளஞ்சிவப்புமாகப் பூவேலை செய்த வீட்டு வரிசையைப் பார்க்க இன்று வெளிநாட்டார் கூட்டமாக வருகிறார்கள். இவை எல்லாம் தப்பியது எப்படி? சட்டம் ஒரு காரணம். ஆனால் சட்டம் வருவதற்கு முன்னால், இந்த வீடுகளுக்கு மதிப்பு உண்டு என்று பார்த்த கண்கள் வேண்டும் அல்லவா?

அப்படிப்பட்ட ஒருவர் லீ கிப் லின். 1925-இல் பிறந்து 2011-இல் மறைந்த கட்டடக் கலைஞர். இந்த ஆம்பர் சாலைப் பகுதியிலேயே வளர்ந்தவர். 1970, 80-களில் சிங்கப்பூர் வேகமாக இடித்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக நடந்தார். மாளிகையை மட்டும் அல்ல, சாதாரண வீட்டையும் கடையையும் வேலியையும் எடுத்தார். 1988-இல் சிங்கப்பூர் வீடுகளைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அவர் சேர்த்த ஆயிரக்கணக்கான படங்களை அவர் குடும்பத்தார் 2009-இல் தேசிய நூலகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார்கள். அவர் எடுத்தவற்றில் பல வீடுகள் இன்று இல்லை. அவர் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடவில்லை. ஆனால் இருந்ததே தெரியாமல் போகவிடவில்லை.

நம் பக்கம் திரும்புவோம்

அன்புள்ள வாசகர்களே, காத்தோங் கதையை இவ்வளவு நேரம் சொன்னது மாளிகையைப் பார்த்து மலைப்பதற்காக அல்ல. நம் தோட்டங்கள் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வருகிறது. இடிபடுகிற லயத்தைப் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று யாரும் அறிவிக்கப் போவதில்லை. மழை ஒழுகிய வீட்டை அப்படியே வைத்திருக்கவேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். நல்ல வீடு வரட்டும். ஆனால் நாற்பது ஐம்பது ஆண்டு ஒரு குடும்பம் வாழ்ந்த இடத்துக்கு ஒரு சாட்சி வேண்டாமா?

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்புப் பிள்ளைகளிடம், தாத்தா பாட்டி வாழ்ந்த லயத்துப் படம் ஒன்று கொண்டுவரச் சொன்னேன். கல்யாணப் படங்கள் வந்தன. அடையாள அட்டைப் படங்கள் வந்தன. ஸ்டூடியோத் திரையில் வரைந்த அரண்மனைக்கு முன்னால் கைகட்டி நிற்கும் தாத்தாக்கள் வந்தார்கள். லயம் ஒன்றுகூட வரவில்லை. குறை அவர்கள் மேல் இல்லை. கேமரா விலை உயர்ந்த காலம் அது. வாடகைக்கு எடுத்த சட்டைக்குத்தான் படம், வீட்டுக்கு அல்ல.

இன்று அந்தச் சாக்குக்கு இடமில்லை. வீட்டுக்கு வீடு கைப்பேசி இருக்கிறது. வருகிற விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு நடை போங்கள். லயத்து வாசல், குழாயடி, பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, பால் ஸ்டோர், கோயில் மரத்தடி, பழைய பள்ளி, கள்ளுக்கடை இருந்த மேடு எல்லாவற்றையும் எடுங்கள். அழகாக வரவேண்டும் என்பதில்லை. கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று, பக்கத்தில் உள்ள மரமும் பாதையும் தெரியும்படி எடுத்தால் போதும். அப்போதுதான் இடம் விளங்கும். அங்கே வேலை செய்த பெரியவரை அந்த இடத்திலேயே நிற்க வைத்து எடுங்கள்.

எடுத்த பிறகு செய்யும் வேலைதான் முக்கியம். கைப்பேசி கெட்டால் படமும் போய்விடும். ஆகவே பத்துப் படமாவது கடையில் கொடுத்து அச்சடித்து வாங்குங்கள். பின்புறம் பென்சிலால் தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்தின் எண், நிற்பவர் பெயர், தேதி எழுதுங்கள். பெயர் எழுதாத படம் இரண்டு தலைமுறையில் யாரோ ஒருவரின் படமாகிவிடும். ஒரு பிரதியைக் கோயில் நிர்வாகத்திடமோ பள்ளியிலோ கொடுத்து வையுங்கள். நாளைக்கு இந்தக் கோயில் இங்கே எத்தனை ஆண்டாக இருக்கிறது என்று ஒருவர் கேட்கும்போது, வாயால் நூறு பேர் சொல்வதைவிடத் தேதி எழுதிய ஒரு படம் உரக்கப் பேசும்.

காத்தோங்குக்கும் ஒருமுறை போய் வாருங்கள். லக்சா சாப்பிடுங்கள், விநாயகரைக் கும்பிடுங்கள், காரைக்கால் மஹாலைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் அதற்கு முன்னால் தோட்டத்துப் பெரியவர்களைப் பார்த்துவிடுங்கள். மாளிகை காத்திருக்கும், அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. லயத்தில் எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று சொல்லக்கூடிய பாட்டிக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது.